கிதாருக்கு அரப்பு தேய்த்த கோடை

என் வயதுப் பெண்களுக்கு எண்ணெயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் எரிந்தால் விளக்கெண்ணெய், வயிறு வலித்தால் விளக்கெண்ணெய், கதவு கிறீச்சிட்டாலும் அதுவேதான். வெள்ளிக்கிழமை விடிந்தால் நம்மைப் பலகையில் உட்காரவைத்து உச்சி முதல் பாதம்வரை பூசிவிடுவார்கள். பிறகு அரப்பு. அந்த இலைத் தூளை வடிகஞ்சியில் குழைத்துத் தலையில் தேய்க்கும்போது பச்சை வாசம் மூக்கில் ஏறும். கண்ணுக்குள் போனால் மிளகாய்தான். இதைப் படிக்கும்போதே உங்களில் சிலருக்குக் கண் கலங்கியிருக்கும்.

ஆனால் கிதாரின் கழுத்துப் பலகைக்கு எந்த எண்ணெய் ஆகும், எது ஆகாது என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையிலேயே தெரிந்துகொண்டேன். நாலு பேர் கூடின இடத்தில் நான் வாய் திறக்க மாட்டேன் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அதனால் எழுதிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் வீரபாண்டிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஓட்டு வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரையைத் தொடாத சுவர். இந்தப் பக்கம் கடுகு தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அப்பா பனியன் கம்பெனியில் ஃபிட்டர். நிட்டிங் மெஷின், தையல் மெஷின் எது நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா வீட்டில் உட்கார்ந்து பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டிக் கொடுப்பாள். வீடு முழுக்கப் பஞ்சு பறக்கும். சாம்பாரில் பஞ்சு, பாயில் பஞ்சு, அப்பா மீசையில் பஞ்சு. அந்தக் கோடையிலிருந்து நானும் அம்மாவோடு பிசிறு வெட்ட உட்கார்ந்துவிட்டேன். “வாயே தொறக்காத புள்ளைக்கு ஆறாவது எதுக்குங்க?” என்று வகுப்பு வாத்தியாரிடம் அப்பா கேட்டார். வாத்தியாரும் ஆமாம் என்று தலையாட்டினார். பேசாத பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். நான் அப்போதும் ஒன்றும் பேசவில்லை.

பங்குனியில் பக்கத்து வீட்டுக்கு ஒரு அக்கா குடிவந்தாள். தெற்குச் சீமையிலிருந்து வேலை தேடி வந்த கிறிஸ்தவக் குடும்பம். அக்காவும் அவள் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவர் ராத்திரி ஷிப்டுக்குப் போய்ப் பகலெல்லாம் தூங்குகிறவர். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அப்புறம் இடுப்பு ஒடுங்கின கறுப்புப் பெட்டி ஒன்று. அம்மா அந்தப் பெட்டியைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“ஏங்கண்ணு, அது என்ன பொட்டி?”

“கிதார் யக்கா.”

“அதுல என்ன வரும்?”

“பாட்டு வரும்.”

“பாட்டு வாயில தான வரும்? அதுக்கு எதுக்கு இத்தாச்சோட்டுப் பெரிய பொட்டி?”

அக்கா சிரித்துவிட்டாள். பெட்டியைத் திறந்து காட்டினாள். தேன் நிறத்தில் வயிறு, நடுவில் ஓட்டை, நீளமான கழுத்து. கழுத்தின் முன்பக்கம் கறுத்த பலகை ஒன்று ஒட்டியிருந்தது. அது ஈட்டி மரம் என்று அக்கா சொன்னாள். ஏணிப்படி மாதிரி அந்தப் பலகையில் குறுக்கே வரிசையாகக் கம்பிகள் பதித்திருந்தார்கள். அதன் மேல் நீளவாக்கில் ஆறு தந்திகள். சின்ன வயதில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் அக்கா வளர்ந்தவள். அங்கே இருந்த ஒரு சிஸ்டர் அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்து, விடுதியை விட்டு வரும்போது அந்தக் கிதாரையே கையில் கொடுத்து அனுப்பினாராம்.

அக்காவுக்கு ஒரு கம்பெனியில் கைமடி வேலை. தையல்காரர் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுக்கவேண்டும். பஞ்சு அவள் நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. சாயங்காலம் வந்து உட்கார்ந்தால், சுவருக்கு மேலே முதலில் இழுப்புச் சத்தம் வரும். விசில் மாதிரி மெல்லிசாக இழுக்கும். அது அடங்கினதும் கிதார்ச் சத்தம் வரும். நான் வெட்டுகிற பிசிறை மறந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா, “கையி நிக்குது பாரு” என்பாள்.

அந்த இழுப்புக்கு அம்மா கண்டுபிடித்த காரணம் உடம்புச் சூடு.

“கண்ணு, எண்ணெ தேச்சுத் தலைக்கு வாத்துக்கோ. நெஞ்சு தன்னால குளுந்துரும்.”

“எனக்கு எண்ணெ ஒத்துக்காது யக்கா. சளி புடிச்சிரும்.”

“எண்ணெ ஒத்துக்காத ஒடம்பு உண்டா? எங்கூர்ல எருமைக்குக்கூட ஒத்துக்கும்.”

“நான் எருமை இல்லையே யக்கா.”

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் எண்ணெயை வேண்டாம் என்றால் தன்னையே வேண்டாம் என்கிற மாதிரி அவளுக்கு. அவள் ஊருக்கெல்லாம் பரிந்துரை செய்த விளக்கெண்ணெய் இழுப்பை ஒன்றும் செய்யாது. மூச்சில் போன பஞ்சுதான் காரணம் என்று இன்றைக்கு எந்த மருந்துக்கடைப் பையனும் சொல்லுவான். அன்றைக்கு எங்கள் லைனில் யாருக்கும் தோன்றவில்லை. பஞ்சு எங்களுக்குச் சோறு போடுகிற சாமான் அல்லவா, அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

அக்காவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. டவுன் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பள்ளிக்கூடம் ஒன்றில், சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள் என்று சர்ச்சில் சொல்லியிருந்தார்கள். பள்ளி திறப்பதற்கு முன்னால் கூப்பிடுவார்கள்; கிதாரோடு போய் வாசித்துக் காட்டவேண்டும். பிடித்திருந்தால் வேலை. “அது மட்டும் கெடச்சிட்டுன்னா இந்தப் பஞ்ச விட்டு வெளிய வந்துருவேன் ஏட்டி. இல்லன்னா இந்த நெஞ்சு அடுத்த கோடையத் தாங்குமான்னு தெரியல” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். ஏன் என்னிடம் சொன்னாள் என்றால், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அவளும் நானும் பழகினதே அப்படித்தான். அவள் பேசுவாள், நான் பக்கத்தில் இருப்பேன்.

சித்திரை வெயில் ஏற ஏற அந்தக் கழுத்துப் பலகை வெளுத்துக்கொண்டே வந்தது. கறுப்பாக இருந்தது சாம்பல் பூத்த மாதிரி ஆயிற்று. குறுக்குக் கம்பிகளின் நுனி பலகையின் ஓரத்தில் முள்ளாக நீட்டிக்கொண்டது. அக்கா கையை மேலும் கீழும் ஓட்டும்போது உள்ளங்கை ஓரம் கீறி ரத்தம் துளிர்க்கும்.

“மரம் காஞ்சி சுருங்கிட்டு. கம்பி சுருங்குமா? அது அங்ஙனயே நிக்கி” என்று விரலை வைத்துக் காட்டினாள். கம்பிகளின் ஓரத்தில் வருடக்கணக்கான வியர்வையும் அழுக்கும் சேர்ந்து மெழுகாகக் கட்டியிருந்தது. “விடுதியில சிஸ்டர் ஒரு குப்பியிலேர்ந்து எண்ணெ எடுத்துத் தடவுவாவ. என்ன எண்ணென்னு கேக்காம விட்டுட்டேன். எலுமிச்சை வாசம் அடிக்கும்.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “எலுமிச்சம்பழமா? நம்மூட்டுல இருக்குதே!”

சொன்னதோடு நிற்கவில்லை. பழத்தை நறுக்கி எடுத்துக்கொண்டு வந்தே விட்டாள். அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஏம்புள்ளே, பித்தளைச் சொம்பா அது? புளிப்பு பட்டா மரம் தின்னு போயிரும். அக்கட்டால கொண்டு போ.”

“அப்ப நீங்களே சொல்லுங்க, என்ன எண்ணென்னு.”

“ஊசிக்கு உடற எண்ணெதான். வேறென்ன.”

“மெஷினுக்கு உடறத மரத்துக்கா? நாளைக்கு எனக்கும் அதையே தலைக்குத் தேய்ப்பீங்களாட்டம்.”

“உன் தலைக்குள்ள ஓடற மெஷினுக்கு அதுதான் வேணும்.”

இப்படித்தான் எங்கள் வீட்டில் பேச்சு நடக்கும். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அக்கா அவசரப்படுகிற ஆள் இல்லை. எந்த எண்ணெய் என்று தெரியாமல் கிதாரின் மேல் சோதனை பண்ண மாட்டேன் என்றாள். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சோமனூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த என் மாமன், எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தேய்ந்துபோன நாடா ஒன்று கொண்டுவந்து தருவார். நாடா என்றால் தறியில் குறுக்கே பாய்ந்து நூல் இழுக்கிற மரக்கட்டை. இரண்டு முனையும் கூராகப் படகு மாதிரி இருக்கும். நல்ல கெட்டி மரம். எனக்கு அவைதான் படகும் பொம்மையும். அவற்றைக் கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைத்தேன். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் நாடாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரியான ஆளுட்டி நீ” என்றாள்.

ஒன்றுக்கு விளக்கெண்ணெய், ஒன்றுக்குத் தேங்காயெண்ணெய், ஒன்றுக்கு நல்லெண்ணெய், ஒன்றுக்கு அப்பாவின் மெஷின் எண்ணெய். மெஷின் எண்ணெயிலும் இரண்டு தினுசு உண்டு. பல்சக்கரத்துக்கு விடுவது கறுத்துக் கொழகொழவென்று இருக்கும். ஊசிக்கு விடுவது தண்ணீர் மாதிரி. நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பனியனில் பட்டாலும் துவைத்தால் போய்விடும். அப்பாவிடம் மூக்கு நீண்ட தகரக் கேன் ஒன்று இருந்தது. அடியில் கட்டைவிரலால் அமுக்கினால் ‘டொக்’ என்று ஒரு சொட்டு விழும். அந்தச் சத்தத்துக்காகவே நான் அதை அமுக்கிக்கொண்டிருப்பேன். இப்போது பிளாஸ்டிக் குப்பி வந்துவிட்டது. அது சத்தம் போடுவதில்லை.

நாடாக்களைத் துடைத்துச் சுவரின் மேல் வரிசையாக வைத்தோம். அக்கா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எடுத்துத் தடவிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள். என்னிடம் நீட்டுவாள். நானும் முகர்வேன். விளக்கெண்ணெய் நாடா மரத்துக்குள் இறங்கவே இல்லை. மேலே பிசினாக நின்று பறக்கிற பஞ்சையெல்லாம் பிடித்துக்கொண்டது. பத்துப் பதினைந்து நாளில் அதற்கு நரைத்த தாடி முளைத்துவிட்டது. தேங்காயெண்ணெய் முதலில் நன்றாக இருந்தது. வைகாசி பிறந்ததும் பழைய முறுக்குச் சிக்குவாடை அடித்தது. நல்லெண்ணெயும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. மெஷின் எண்ணெய் நாடா மட்டும் சும்மா இருந்தது. தொட்டால் ஒட்டவில்லை, முகர்ந்தால் வாசமில்லை, மரம் மட்டும் கறுத்துத் தெளிந்திருந்தது.

இப்போது கடைகளில் கிதாருக்கென்றே எலுமிச்சை எண்ணெய் என்று சின்னக் குப்பியில் விற்கிறார்கள். வாங்கி, விரலில் தடவிப் பார்த்தேன். வாசனையையும் மஞ்சள் நிறத்தையும் கழித்தால் மிச்சம் இருப்பது அப்பாவின் கேனில் இருந்ததுதான். என் மூக்கு பொய் சொல்லாது.

“அண்ணாச்சி சொன்னதே சரி” என்று அக்கா அப்பாவின் பக்கம் முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து நிதானமாகச் செய்யலாம் என்று வைத்திருந்தாள். அதற்குள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்ச்சிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்: திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும்.

சனிக்கிழமை அக்கா வேலைக்குப் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் உள்ளே அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். கிதார்ப் பெட்டி எப்போதும் எங்கள் வீட்டுப் பரண் மேல்தான் இருக்கும். அவர்கள் வீட்டில் ஓடு ஒழுகும். அம்மா பரணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பாவம், அந்தப் புள்ளைக்குத் தாயா புள்ளையா, இங்க யாரு இருக்கறா? திங்கக்கெழம நாலு பேரு முன்னால போயி நிக்கோணும். நாமதான் செஞ்சு குடுக்கோணும்.”

“அம்மா, அக்கா மெஷின் எண்ணெதான் வேணும்னு சொல்லுச்சு” என்றேன். “விளக்கெண்ணெ பூசுன நாடாவுக்குத் தாடி மொளைச்சிருக்குதும்மா.”

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினது அம்மாவுக்கே ஆச்சரியம். ஆனாலும், “அது நாடா, இது கிதாரு. பேசாம இரு” என்றுவிட்டாள்.

பலகை போட்டு உட்கார்ந்து, கிதாரை மடியில் கிடத்தி, எனக்குப் பூசுவது மாதிரியே பூசினாள். கிண்ணத்தில் விளக்கெண்ணெயை இளஞ்சூடாகக் காய்ச்சி வைத்துக்கொண்டு, தந்திகளுக்கு அடியில் விரலை விட்டு, ஒவ்வொரு குறுக்குக் கம்பிக்கும் நடுவில் தேய்த்தாள். வாயில் ஏதோ முனகினாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முனகுவாளே, அதேதான். பூசி முடித்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். நாங்கள் பிசிறு வெட்ட உட்கார்ந்தோம்.

பஞ்சு பறந்துகொண்டிருக்கிற வீடு. சாப்பாட்டு வேளைக்குள் கழுத்துப் பலகை முழுக்க வெள்ளை ரோமம் முளைத்துவிட்டது. அம்மா துணியால் துடைத்தாள். துணியின் பிசிறும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அவள் முகத்தில் வியர்வை பொடித்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் எங்கள் ஊர்ப் பெண்ணுக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே?

அரப்பை எடுத்தாள். வடிகஞ்சியில் குழைத்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றி அலசினாள்.

அக்கா அரை நாள் வேலை முடிந்து வரும்போது கிதார், துணி காயப்போடும் கொடிக் கம்பத்தில் சாய்ந்து நின்றது. தலை துவட்டி விட்ட பிள்ளையைப் போலக் கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு. துண்டுக்குக் கீழே பச்சையாக அரப்புச் சாறு வழிந்து, தேன் நிற வயிற்றில் கோடு போட்டிருந்தது. அக்கா துண்டை அவிழ்த்தாள். கம்பிகளின் இடுக்கெல்லாம் பச்சைச் சேறு. ஒரு தந்தியைச் சுண்டினாள். ‘தொப்’ என்றது.

“நாளைக்குப் பாரு கண்ணு, பளபளன்னு...” என்று அம்மா ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

அக்கா வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் அம்மா பதிலுக்குத் திட்டிவிட்டுத் தேறியிருப்பாள். அக்கா எழுந்து உள்ளே போனாள். சுவருக்கு மேலே இழுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்குப் போல நீளமாக நான் கேட்டதில்லை. அம்மா அடுப்பங்கரை மூலையில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு அப்படியே இருந்தது.

அப்பா வந்ததும் நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். நல்லவேளையாக அதற்குள் நான் கிதாரை வெயிலிலிருந்து உள்ளே தூக்கி வைத்திருந்தேன். அப்பா பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் தலையைத் தூக்கி, “ஏனம்முணி, இங்க சித்தெ வாயேன். ஒன்னும் குடிமுழுகிப் போகலே” என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“தண்ணி எறங்கியிருக்குது. வெயில்ல வெச்சா வெடிச்சுரும். நெழல்ல காத்தாட வெப்போம். தந்தியக் கழட்டிரு.”

“மரம் வீங்கியிருக்குமா அண்ணாச்சி?”

“வீங்குனா வத்தும். மெஷினே ஒருக்கா வெள்ளத்துல கெடந்து ஓட்டியிருக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா ஊசிகளுக்கு நடுவில் பஞ்சு எடுக்கிற குச்சுப் பிரஷைக் கொண்டுவந்திருந்தார். காய்ந்த அரப்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. கம்பி இடுக்கில் ஒட்டியிருந்ததை ஒரு மூங்கில் சீவலால் நானும் அக்காவும் நோண்டி எடுத்தோம். பொடி உதிர்ந்த இடத்தில் மரம் சுத்தமாக இருந்தது. வருடக்கணக்கான மெழுகு அழுக்கைக் காணவில்லை.

அப்பா வேண்டுமென்றே குரலை உயர்த்திச் சொன்னார்: “எது எப்படியோ, இத்தன வருச அழுக்கு. அத எடுத்தது அரப்புதான். நானா இருந்தா எடுத்திருக்க முடியாது.”

அடுப்பங்கரையிலிருந்து, “ஏனுங்க, கேலியா?” என்று மெலிந்த குரல் வந்தது.

“நெசமாத்தான் புள்ளே.”

அம்மா வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

மத்தியானம் தாண்டி, மரம் உலர்ந்து மறுபடி சாம்பல் நிறத்துக்கு வந்ததும், அப்பா நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனிகளை மெல்லிய அரத்தால் ராவி மழுக்கினார். பிறகு கேனை எடுத்தார். அக்கா தடுத்தாள்.

“நேரா ஊத்தாதிய அண்ணாச்சி. துணியில விடுங்க.”

பழைய பனியன் துணியில் அப்பா ‘டொக்’ என்று விட்டார். அக்கா பலகையில் மட்டும் தடவினாள்; வார்னிஷ் பூசின வயிற்றுப் பக்கம் எண்ணெய் போகாமல் விரலால் மறைத்துக்கொண்டாள். மரம் குடித்தது. நான் பார்க்கப் பார்க்கச் சாம்பல் மறைந்து, உள்ளே இருந்த கருஞ்சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. “கருப்பட்டி மாதிரி வருது பாருட்டி” என்றாள். கொஞ்ச நேரம் விட்டு, வேறொரு துணியால் மிச்ச எண்ணெயைத் துளிகூட இல்லாமல் துடைத்தாள். அதுதான் முக்கியம். தடவினதை விடத் துடைத்தது அதிகம். மரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அதை அது எடுத்துக்கொள்ளும். மீதியை நாம் எடுத்துவிடவேண்டும்.

புதுத் தந்திகள் ஒரு செட் அவள் டிரங்குப் பெட்டியில் இருந்தன. மாட்டி முறுக்கி வாசித்தாள். சத்தம் வந்தது. நல்ல சத்தம்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும், தண்ணீர் தூக்கிவிட்ட கம்பி ஒன்றில் தந்தி உரசி ‘ட்ர்ர்’ என்றது. அப்பா அந்தக் கம்பியை ராவிப் பார்த்தார், உரசல் போகவில்லை. இனிமேல் கை வைத்தால் கெட்டுவிடும் என்றார். அக்கா அந்த இடத்தையே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பயந்த முகம் இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

பிறகு எழுந்து எங்கள் அடுப்பங்கரைக்குள் போனாள். அம்மாவின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

“யக்கா, மிச்ச எண்ணெ இருக்கா? என் தலையில வைங்க.”

“வேண்டாங்கண்ணு. நான் தொட்டது வெளங்காது.”

“வெளங்கலன்னா மொட்டை அடிச்சிக்கிடுதேன். வைங்க.”

“ஞாயித்துக்கெழம எண்ணெ ஆகாது.”

“எனக்கு ஞாயித்துக்கெழமதான் நல்ல நாளு.”

அம்மா கிண்ணத்தை எடுத்தாள். சளி பிடிக்காமல் இருக்க இரண்டு மிளகு போட்டுக் காய்ச்சினாள். முதலில் ஒரு சொட்டை மட்டும் உச்சியில் வைத்துப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தையே சாய்த்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். முடி அரப்பில் அலசிக் காய்ந்தபோது முந்தின நாளிலிருந்து சாப்பிடாத அம்மா முதல்முறையாகச் சோற்றில் கை வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் அக்கா கிதாரோடு பஸ் ஏறினாள். அவளுக்குச் சளியும் பிடிக்கவில்லை, இழுப்பும் குறையவில்லை. அம்மா வாசலில் பிசிறு வெட்ட உட்கார்ந்தவள், நூலுக்குப் பதிலாக ஒரு பனியன் கையையே வெட்டிவிட்டாள். நான் அதை மடித்து அடியில் வைத்தேன்.

உச்சிவேளையில் அக்கா வந்தாள். தெருமுனையிலிருந்தே அவள் நடையைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“கண்ணு, என்னாச்சு?”

“பள்ளி தொறந்ததும் வரச் சொல்லிட்டாவ யக்கா.”

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். உடனே சந்தோஷப்பட அவளுக்குத் தைரியம் வரவில்லை. “அது? அந்தப் பொட்டி? மானத்தை வாங்கிருச்சா?”

“ஒரு எடத்துல ‘ட்ர்ர்’ன்னு இருமுச்சு. நானும் சேந்து இருமி மறைச்சிட்டேன். எனக்குத்தான் அது சுளுவா வருமே.”

அம்மா சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு, என்ன தோன்றியதோ, ஒரு விரலை நீட்டி, “நான் தொட்டுப் பாக்கட்டா?” என்று கேட்டாள்.

அக்கா கிதாரை அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மாவின் ஆட்காட்டி விரலைப் பிடித்து ஒரு தந்தியின் மேல் வைத்து, பலகையைத் தொடும்வரை அழுத்தினாள். மறு கையால் அதே தந்தியைச் சுண்டினாள். தெளிவாக ஒரு சத்தம் எழுந்தது.

“அட சாமி! அறுக்குதே!” அம்மா விரலை உதறினாள். விரல் நுனியில் தந்தி பதிந்து சிவப்புக் கோடு விழுந்திருந்தது. “இப்படியா வலிக்கும்? நான் என்னமோ நீ சொகமா உக்காந்து தடவிக்கிட்டு இருக்கறேன்னு நெனச்சேனே!”

அக்கா இடது கையை நீட்டினாள். நான்கு விரல் நுனியும் காய்த்துப்போயிருந்தன. அம்மா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்து, தடித்து, ஒரு விரலில் தோல் உரிந்துகொண்டிருந்தது. அம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. விருட்டென்று எழுந்து உள்ளே போய் எண்ணெயைக் காய்ச்சிக் கிண்ணத்தோடு வந்தாள்.

அக்கா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“யக்கா, இதுக்கு மட்டும் வேண்டாம்! இது காஞ்சி கெடந்தாத்தான் எனக்குச் சோறு.”

அம்மா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் வேண்டாத ஒன்றும் உலகத்தில் உண்டு என்று அவள் அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டாள். ஆனால் காய்ச்சின எண்ணெயைத் திருப்பி ஊற்றுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். கண் என் மேல் வந்து நின்றது.

“வா இங்கெ. உக்காரு.”

திங்கட்கிழமை. எந்தக் கணக்கிலும் எண்ணெய்க்கு ஆன நாள் இல்லை. நான் உட்கார்ந்தேன். உச்சியில் இளஞ்சூடாக இறங்கி, காதோரம் வழிந்தது. அக்கா படியில் அமர்ந்து, பள்ளிக்கூடத்தில் வாசித்த பாட்டை மறுபடி வாசிக்க ஆரம்பித்தாள். அந்தப் பாட்டு முடியும்வரை அம்மாவின் உள்ளங்கை, அம்மாவுக்கே தெரியாமல், என் தலையில் தாளம் தவறாமல் தட்டிக்கொண்டிருந்தது.